பாட்டும் பங்கும்: ராப் பாடகர் அறிவின் வாழ்க்கை சொல்லும் பாடம்



ஆண்டு மலர் என்றால் வெல்டிங், கான்கிரீட், மோட்டார் வைண்டிங் என்று கட்டுரைகள் வருவது வழக்கம். நான் ராப் பாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "ஏல, இதெல்லாம் ஒரு பாடமா?" என்று என் வகுப்புத் தோழர்கள் கேட்டார்கள். பாடம்தான்! இதிலும் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. நம்ம ஹாஸ்டலிலேயே செல்போனில் பாட்டுப் பதிவு செய்கிற பையன்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்களுக்காகத்தான் இக்கட்டுரை.

ராப் என்றால் என்ன?

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் ஒரு விருந்தில் இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டினார். ஹிப்ஹாப் பிறந்த நாளாக அதைத்தான் சொல்வார்கள். ஏழைக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி அது. தாளத்தின் மேல் பேச்சை அடுக்கிப் பாடுவதே ராப். தமிழில் 1994-இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' அந்தச் சொல்லைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தது. மலேசியாவின் யோகி பி குழுவினர் 2006-இல் 'வல்லவன்' என்ற ஆல்பத்தைத் தந்தார்கள். 2012-இல் ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்' வந்தது.

இதில் கணக்கு எங்கே என்கிறீர்களா? நிமிடத்துக்கு 90 தாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடிக்கு 4 தாளம். 16 அடி கொண்ட பகுதிக்கு 64 தாளம். 64-ஐ 90-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 43 விநாடி. அதற்குள் எதுகை, மோனை, இயைபு எல்லாம் பிசகாமல் விழ வேண்டும். நம்ம கடற்கரையில் வலை இழுக்கும்போது ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் அம்பாப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

அறிவு யார்?

அறிவரசு என்ற இயற்பெயர் கொண்ட அறிவு அரக்கோணத்துக்காரர். பெற்றோர் அறிவொளி இயக்கத்தில் பணியாற்றியவர்கள். இவர் நம்மைப் போலத் தொழில்நுட்பப் படிப்புப் படித்தவர்தான், பொறியியல் முடித்தவர். கவிதை எழுதி வந்தவர், இயக்குநர் பா. இரஞ்சித் முன்னின்று உருவாக்கிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவில் சேர்ந்தார். 2018 ஜனவரியில் சென்னையில் அக்குழுவின் முதல் மேடை. கானாவும் ராக்கும் ராப்பும் ஒன்றாக ஒலித்த அந்த மேடையில் சாதிக் கொடுமையையும் சாமானியன் வாழ்க்கையையும் நேருக்கு நேர் பாடினார்கள்.

அதே 2018-இல் 'காலா' படத்துக்குப் பாட்டு எழுதினார். 2019-இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம் வெளியிட்டார். 'தெருக்குரல் அறிவு' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' பாட்டும் இவர் எழுதியதே. ஒரு பக்கம் சினிமா வருமானம், மறு பக்கம் யாரிடமும் கதை கேட்காமல் தன் மனசில் பட்டதைச் சொல்லும் சுயாதீன இசை. சுயாதீனக் கலைஞர்கள் பலரும் இப்படித்தான் இரண்டு தோணியில் கால் வைத்துப் பிழைக்க வேண்டியிருக்கிறது.

வள்ளியம்மாவும் நம்ம துறைமுகமும்

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. அறிவும் பாடகி தீயும் பாடினார்கள். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது மாஜா என்ற நிறுவனம். கோடிக்கணக்கானோர் கேட்டு ஆடிய அந்தப் பாட்டின் வேர், அறிவின் பாட்டி வள்ளியம்மா சொன்ன கதை. நிலமில்லாத கூலிக் குடும்பம், இலங்கைத் தேயிலைத் தோட்டம், பிறகு வெறுங்கையோடு தாயகம் திரும்பியது. இதுதான் அந்தக் கதை.

தூத்துக்குடிக்காரர்கள் இந்தக் கதையைத் தள்ளி நின்று கேட்க முடியாது. 1914-இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கும் முன்பு, கொழும்புக்குப் போகும் முக்கிய வழி நம்ம துறைமுகம்தான். தோட்டக் கூலிகளை நிறுத்தி வைத்து அனுப்பும் முகாம் பக்கத்திலுள்ள தட்டப்பாறையில் இருந்தது. பின்னர் 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. போனவர்களுக்கும் நிலமில்லை, திரும்பியவர்களுக்கும் நிலமில்லை. அந்த வலியைத்தான் பேரன் தாளத்தில் போட்டான்.

புகழ் வந்தது, பெயர் எங்கே?

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், ஷான் வின்சென்ட் டி பால் என்ற பாடகரும் இருந்தார்கள். பாட்டை எழுதிய அறிவு இல்லை! பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். பிறகு அறிவுக்குத் தனியாக இணைய அட்டை ஒன்று வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு ஒலித்தபோதும் அறிவு மேடையில் இல்லை, அமெரிக்காவில் இருந்தார். சில நாளில், இந்தப் பாட்டை உருவாக்கி எழுதிப் பாடியவன் நான் என்று அவர் எழுதினார். இது மூவரும் சேர்ந்து செய்த பாட்டு, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் தந்தார். 2024 மார்ச்சில் அவரே, இந்தப் பாட்டால் எங்களுக்கு இதுவரை வருமானமே வரவில்லை என்று சொன்னார். நிறுவனத் தரப்பிலும் விளக்கம் வந்தது.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் உலகமே கேட்ட பாட்டுக்கு மூன்று வருஷம் கழித்தும் கணக்குத் தீரவில்லை என்றால், நம்ம கல்லூரிப் பையன் பாட்டுக்கு என்ன கதி? யோசித்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டமும் 2012-இல் வந்த திருத்தமும் ஒவ்வொரு பாடகனும் படிக்க வேண்டியவை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. ஒரு பாட்டில் ஒரே உரிமை இல்லை. வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. மூன்றுக்கும் உரிமையாளர் வேறு வேறாக இருக்கலாம். பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை தனி.

2. எழுதிய உடனே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை; சண்டை வந்தால் சாட்சியாக உதவும்.

3. உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவதாக இருந்தால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே பொருள்.

4. உரிமையை விற்றாலும், 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லும் உரிமை ஆசிரியரை விட்டுப் போகாது.

5. 2012 திருத்தப்படி கவிஞரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்தாலும் அது செல்லாது. வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ மட்டும் மாற்றலாம்.

நாட்டுப்புறப் பாட்டுக்கு மட்டும் இப்படி உரிமையாளர் கிடையாது. நம்ம ஆச்சிமார் உப்பளத்திலும் வயலிலும் பாடிய பாட்டை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்படி எடுக்கும்போது ஆச்சியின் பெயரைச் சொல்வது சட்டம் இல்லை, மரியாதை. அறிவு 2024-இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயர் வைத்தார். அந்த மரியாதையை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

முத்துக்குளிப்பில் இருந்த ஒழுங்கு

ஆங்கிலேய அரசு நடத்திய முத்துக்குளிப்பில், மூச்சடக்கி மூழ்கி எடுத்த சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவருக்கு. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு மூன்றில் ஒன்றுதானா என்று கோபம் வருகிறது, வர வேண்டியதுதான். இருந்தாலும் பங்கு முன்கூட்டியே தெரியும், குவியல் கண்ணெதிரே கரையில் கிடக்கும். 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு இல்லை. இன்று பாட்டு என்னும் கடலில் மூழ்குகிறவனுக்கோ குவியலே கண்ணில் படுவதில்லை. எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் எண்ணாக ஓடுகிறது.

ஆகவே தோழர்களே, கலைவிழாவுக்குப் பாட்டுப் போடுகிறவர்கள் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, பாடியது யார், காசு வந்தால் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். "கூட்டாளிக்குள்ள எதுக்குல பேப்பரு?" என்று ஒருத்தன் கேட்பான். கூட்டாளித்தனம் கடைசி வரை நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் மக்கா!

திறமை பாட்டைப் பிறக்க வைக்கும். அந்தத் தாள் அதைப் பெற்றவன் பெயரைக் காக்கும். நல்லா பாடுங்க, எழுதி வச்சுட்டுப் பாடுங்க!