பஸ் யாருடையது, திட்டம் யாருடையது?

கேள்வி: சென்னையில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றையும் ஒரே அமைப்பா நடத்துகிறது? எங்கள் பக்கத்து டவுன் பஸ்ஸுக்கு யார் பொறுப்பு?
– வாசகர், வல்லத்திராக்கோட்டை

பதில்: சென்னையில் பஸ்களை மாநகர் போக்குவரத்துக் கழகமும், மெட்ரோவைச் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனமும், மின்சார ரயில்களைத் தெற்கு ரயில்வேயும் ஓட்டுகின்றன. மூன்றையும் இணைத்துத் திட்டமிடவே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாகக் கும்டா, அமைக்கப்பட்டது. அதற்கான சட்டம் இயற்றப்பட்டது 2010-இல். அது நடைமுறைக்கு வந்ததோ 2019-இல். கோப்புகளும் நெரிசலில் சிக்கும் போலும்! கும்டாவுக்கென்று சொந்தமாக ஒரு பஸ்கூடக் கிடையாது. தடங்கள் ஒன்றோடொன்று எங்கே சேர வேண்டும், எந்தச் சாலைக்கு எது பொருந்தும் என்று ஆராய்ந்து, தனித்தனித் துறைகளை ஒரே மேசைக்கு அழைத்து வருவதுதான் அதன் வேலை. பயணிகளின் கண்ணில் பட்ட பலன், 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘சென்னை ஒன்று’ செயலி: மூன்று வகைப் பயணத்துக்கும் ஒரே கியூஆர் டிக்கெட்.

உங்கள் ஊர் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்படி ஒரு குழுமம் இல்லை. இங்குள்ள அரசு டவுன் பஸ்கள், கும்பகோணம் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் புதுக்கோட்டை மண்டலத்தைச் சேர்ந்தவை. வண்டியும் ஓட்டுநர், நடத்துநரும் பணிமனையின் பொறுப்பு. கட்டணத்தை முடிவு செய்வது மாநில அரசு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த வருவாய் இழப்புக்கு அரசு மானியம் தருகிறது.