கடைக் கம்ப்யூட்டர் கிளம்பாவிடில்

நமது கடைகளில் நாள்வழியும் பேரேடும் இருந்த இடத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டு வெகு காலமாகிவிட்டது. யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு எவ்வளவு இருப்பு என்பதெல்லாம் அதனுள்ளேதான். காலையில் கடை திறந்து பொத்தானை அமுக்கியதும் அது பேசாமல் கிடந்தால் நாம் செய்வது யாது? பழுது பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அவர் “பார்மேட் பண்ணவேண்டும்” என்கிறார். நாமும் தலையாட்டி விடுகிறோம். பார்மேட் என்பது சிலேட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவது போன்றது. இயந்திரம் எழும்பும், கணக்கு போய்விடும். வியாபாரக் கணக்கை மலேசியாவில் 7 ஆண்டுகளும் சிங்கப்பூரில் 5 ஆண்டுகளும் வைத்திருக்க வேண்டுமென்று வரிச் சட்டம் கூறுவதை நாம் அறிவோம்.

ஆகையால் இயந்திரம் எந்தப் படியில் நின்றது என்பதை முதலில் கவனிப்போமாக.

விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லையெனில் கோளாறு மின்சாரத்தில். அதே பிளக் துவாரத்தில் மேசை விளக்கொன்றை மாட்டிப் பார்க்கலாம். அது எரிந்தால், மூன்று முள் பிளக்கினுள் இருக்கும் பியூஸையும், பெட்டியின் பின்புறத்துச் சிறு சுவிட்சையும் பார்க்கவேண்டும். மடிக்கணினியானால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பொத்தானை 30 வினாடி அமுக்கிப் பிடித்து, மறுபடி சார்ஜரை மாட்டிப் பார்ப்பது நல்லது. மின்சாரம் வழங்கும் உட்பெட்டியை மட்டும் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், முதலில் திரையின் கம்பியை அழுத்திப் பார்க்கவேண்டும். பிறகு ரேம். மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, ரேம் பலகையைக் கழற்றி மீண்டும் ‘டக்’கென்று அமரும்படி பொருத்தினால் பல பெட்டிகள் எழுந்துவிடும். தேதி பழைய வருடத்தைக் காட்டினால், காசு போன்ற சி.ஆர். 2032 பேட்டரியை மாற்றவேண்டும், சொற்ப விலைதான்.

திரையில் எழுத்து வந்து, டிஸ்க் அகப்படவில்லை என்று சொல்கிறதா? தம்ப் டிரைவ் ஏதேனும் செருகியிருந்தால் பிடுங்கிவிட்டு மறுபடி துவக்கவேண்டும். பெட்டியைத் தட்டிப் பார்ப்போரும் உண்டு. ரேடியோ காலத்துப் பழக்கம்! உள்ளே சுழலும் டிஸ்க் இருந்தால் அது பெருங்கேடு. ‘கடக், கடக்’ என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். திரும்பத் திரும்ப ஓட்டினால் மிச்சமிருக்கும் கணக்கும் அழிய இடமுண்டு.

விண்டோஸ் மாத்திரம் தடுமாறினால் பதற வேண்டியதில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான கோப்பினால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரையில் நின்றன. சாங்கி விமான நிலையத்திலும் சில கம்பெனிகள் பயணிகளைக் கையால் பதிவு செய்ய நேர்ந்தது. பரிகாரம் பார்மேட் அன்று. ‘சேஃப் மோடு’ என்னும் குறைந்த ஏற்பாட்டில் இயந்திரத்தைத் துவக்கி, அந்த ஒரு கோப்பை நீக்கியதும் எழுந்தன. நம் இயந்திரமும் சில முறை தடுமாறிய பின் பழுதுத் திரையொன்றைத் தானே காட்டுவதுண்டு. அதில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ என்பதைத் தொடலாம். ‘ரீசெட்’ பக்கம் போகலாகாது.

எதுவும் பலிக்காவிடில் பழுது பார்ப்பவரிடம் கொடுக்கத்தான் வேண்டும். “டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, கணக்கைப் பிரதியெடுத்த பிறகே மற்ற வேலை” என்று ரசீதிலேயே எழுதி வாங்குவது உசிதம்.

ஆனால் இக்காலத்து இயந்திரங்கள் பலவற்றில் டிஸ்க் ‘பிட்லாக்கர்’ பூட்டால் பூட்டப்பட்டிருக்கிறது. அதன் 48 இலக்க எண் இல்லாமல் பிரதியெடுக்கவும் இயலாது. பெரும்பாலும் அவ்வெண் கடைக்காரரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இயந்திரம் நன்றாக ஓடும்போதே கைத்தொலைபேசியில் அக்கணக்கைத் திறந்து, எண்ணைத் தாளில் எழுதி, இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரின் மேலேயே ஒட்டிவிடலாகாது.