கென்னல் காஃப் தடுப்பு மருந்து: உங்கள் நாய்க்கு வேண்டுமா, வேண்டாமா?

தீபாவளிக்கு ஊருக்குப் போகவேண்டும். நாயை போர்டிங்கில் விடலாம் என்று போன் செய்தால், "கென்னல் காஃப் போட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். ரேபிஸ் போட்டிருக்கிறோம், வருடாவருடம் 'செவன் இன் ஒன்' போட்டிருக்கிறோம், இது என்ன புதிதாக ஒன்று என்று குழப்பம் வருகிறது. பெரும்பாலானோர் இந்தக் கேள்வியை ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். அந்த அவசரத்தில் எடுக்கும் முடிவு சரியாக இருப்பதில்லை. ஆற அமர முன்கூட்டியே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். கென்னல் காஃப் ஒரே கிருமியால் வருவதல்ல. போர்டெடெல்லா பிராங்கைசெப்டிகா என்ற பாக்டீரியா, பாரா இன்ஃப்ளூயன்ஸா வைரஸ், அடினோ வைரஸ் 2, மைக்கோபிளாஸ்மா என்று பல கிருமிகள் தனித்தனியாகவோ கூட்டு சேர்ந்தோ மூச்சுக்குழாயைத் தாக்குகின்றன. குழந்தைகளுக்கு வரும் கக்குவான் இருமலின் கிருமியும் இந்த போர்டெடெல்லா குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தொற்றிய நாய் சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் இருமத் தொடங்கும். வறட்டு இருமல், தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டதோ என்று வீட்டார் பயந்துபோகிற அளவுக்குச் சத்தமாக இருக்கும். இருமி முடித்ததும் ஓங்கரித்து வெள்ளை நுரையைக் கக்கும். மற்றபடி சாப்பிடும், விளையாடும். ஆரோக்கியமான நாய் என்றால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானாகவே தேறிவிடும். சில நாய்களுக்கு மட்டும் அது நிமோனியாவில் போய் நிற்கும். உங்கள் நாய் அந்தச் சிலவற்றில் ஒன்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் நாம் கணிக்க வேண்டும்.

இப்போது தடுப்பூசி அட்டையை எடுங்கள். ரேபிஸ் தேதி தாண்டாமல் இருக்கிறதா? டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகள் முழுமையாகப் போடப்பட்டிருக்கின்றனவா? இல்லையென்றால் கென்னல் காஃப் பற்றிய யோசனையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அவற்றை முடியுங்கள். பார்வோவும் டிஸ்டெம்பரும் குட்டிகளைக் கொன்றுவிடும். ரேபிஸ் வந்தால் நாயும் பிழைக்காது, கடிபட்ட மனிதர் உடனே சிகிச்சை எடுக்காவிட்டால் அவரும் பிழைக்க மாட்டார். உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலும் டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ ஆகியவற்றை எல்லா நாய்க்கும் அவசியமான தடுப்பூசிகள் என்கிறது. ரேபிஸ் பரவியிருக்கும் நம்மைப் போன்ற நாடுகளில் அதையும் சேர்த்துக்கொள்கிறது. போர்டெடெல்லாவை, வாழ்க்கை முறையைப் பார்த்துத் தரவேண்டியவற்றின் வரிசையில்தான் வைக்கிறது.

அட்டையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் உற்றுப் பாருங்கள். 'டி.ஹெச்.பி.பி.ஐ' என்று இருந்தால், கடைசியில் வரும் 'பி.ஐ' பாரா இன்ஃப்ளூயன்ஸாவைக் குறிக்கிறது. அதே ஊசியில் உள்ள அடினோ பகுதியும் இருமலுக்கு ஓரளவு காப்புத் தரும். ஆக, வருடாந்திர ஊசி போட்ட நாய் முற்றிலும் வெறுங்கையோடு இல்லை, விடுபட்டிருப்பது போர்டெடெல்லா.

அடுத்து, கடந்த ஒரு வருடத்தில் உங்கள் நாய் எங்கெங்கே போனது என்று யோசியுங்கள். இந்த முடிவில் பாதிக்கு மேல் இதைப் பொறுத்ததுதான். நாயின் விலையோ இனமோ அல்ல, அது எத்தனை நாய்களோடு, எவ்வளவு அடைசலான இடத்தில் மூச்சுவிட்டது என்பதே கணக்கு. கிராமத்தில் தோட்டத்துக்குள் வளரும் நாய், வேறு நாயோடு பழகாமல் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கும் நாய் ஆகியவற்றுக்கு இந்த மருந்து தேவையில்லை என்றே சொல்வேன். தெருவில் காலையும் மாலையும் நடந்துவிட்டு வரும் நாய்க்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல். திறந்தவெளியில் காற்று கலைந்துவிடுவதால் பயம் குறைவு என்றாலும், மூக்கோடு மூக்கு வைத்து மோப்பம் பிடிக்கும் பழக்கம் உண்டென்றால் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம். ஆனால் போர்டிங், பகல்நேரக் காப்பகம், ஏசி போட்ட குரூமிங் கடை, பயிற்சி வகுப்பு, ஊட்டியில் மே மாதம் நடக்கும் நாய்க் கண்காட்சி போன்றவை என்றால் யோசிக்கவே வேண்டாம், போட்டுவிடுங்கள். பல வீட்டு நாய்கள் ஒரே கூரையின் கீழ் இருமும் இடங்கள் அவை. குணமான நாயும் வாரக்கணக்கில் போர்டெடெல்லாவை வெளியேற்றிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், பார்வைக்கு எல்லா நாய்களும் ஆரோக்கியமாக இருப்பது உத்தரவாதமாகாது.

உடம்பையும் பாருங்கள். பக், ஷிட்ஸூ மாதிரி சப்பை மூக்கு நாய்கள், மூச்சுக்குழாய் தளர்ந்துபோன வயதான பொமரேனியன்கள், இதயக்கோளாறு உள்ளவை, சின்னக் குட்டிகள் ஆகியவற்றுக்குச் சாதாரண இருமலே பெரிய தொல்லையாகிவிடும். இவை எப்போதாவதுதான் வெளியே போகும் என்றாலும் நான் 'போடுங்கள்' பக்கம்தான் சாய்வேன். நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது என்று நம்பி ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் ஊசியே இல்லாமல் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் வெயிலை அவை தாங்குவது உண்மை. நெரிசலான கூண்டில் மூச்சு வழியே பரவும் கிருமிக்கு அது பொருட்டல்ல.

போடுவது என்று முடிவானால், எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள். மூக்கில் விடும் சொட்டு மருந்து, வாயில் விடுவது, ஊசி என மூன்று வகை உண்டு. எல்லா மருத்துவமனையிலும் மூன்றும் இருக்காது. கிருமி நுழையும் வாசலிலேயே எதிர்ப்பை உண்டாக்குவதால் மூக்கு வழி மருந்தையே நான் விரும்புவேன். ஒரே தவணை போதும். பரவலாகப் பயன்படும் அத்தகைய மருந்து ஒன்றின் குறிப்பில், 3 வார வயதுக் குட்டிக்கே தரலாம், போர்டெடெல்லாவுக்கு எதிரான காப்பு 72 மணி நேரத்திலும் பாரா இன்ஃப்ளூயன்ஸாவுக்கு எதிரானது 3 வாரத்திலும் தொடங்கும், ஒரு வருடம் இருக்கும் என்று உள்ளது. ஊசி என்றால், முதல்முறை போடும் நாய்க்கு 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். ஆகவே போர்டிங்கில் விடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: மூக்கு வழி என்றால் 3 வாரம் முன்பே, ஊசி என்றால் ஒன்றரை மாதத்துக்கும் மேல். மூக்கைத் தொடவிடாமல் கடிக்க வரும் நாய்க்கு ஊசியே மேல்; மல்லுக்கட்டில் மருந்து தரையில் சிந்துவதால் யாருக்கும் பயனில்லை.

டாக்டரிடம் மறக்காமல் சொல்லவேண்டியவை சில. மூக்கு வழி மருந்தில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி. நாய் ஏற்கனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்த மருந்து இந்தக் கிருமியையும் கொன்றுவிடும், போட்டும் வீண். வீட்டில் கீமோதெரபி எடுப்பவரோ உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவரோ இருந்தால் கட்டாயம் தெரிவியுங்கள். மருந்து பெற்ற நாய் 6 வாரம் வரை அந்தக் கிருமியை மூக்கு வழியே வெளியிடக்கூடும் என்பதால், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அந்த நாட்களில் நாயோடு நெருங்காமல் இருக்க வேண்டும். அப்படி முடியாத வீட்டுக்கு ஊசி வகை ஏற்றது. கூடவே பூனை வளர்த்தால் அதற்கும் லேசான தும்மல் வரலாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும்: மூக்கில் விடவேண்டிய மருந்தைத் தவறியும் ஊசியாகப் போடக்கூடாது. போட்ட இடம் புண்ணாவதோடு ஈரல் பாதிக்கும் அபாயமும் உண்டு. மருந்தை வாங்கி வந்து வீட்டில் நீங்களே போடும் யோசனையை விட்டுவிடுங்கள்.

போட்ட சில நாட்களுக்குத் தும்மல், மூக்கொழுகல், லேசான இருமல் இருந்தால் பதற வேண்டாம். முகம் வீங்கினாலோ, வாந்தியெடுத்துத் துவண்டாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம், உடனே கிளம்புங்கள். முதல் அரைமணி நேரம் மருத்துவமனையிலேயே உட்கார்ந்திருப்பது நல்லது.

ஏற்கனவே இருமிக்கொண்டிருக்கும் நாய்க்கு இது மருந்தல்ல. அதைத் தடுப்பு மருந்துக்காகக் கூட்டிப் போய் காத்திருப்பு அறையில் மற்ற நாய்களின் நடுவே உட்காரவைக்காதீர்கள். போனில் சொல்லிவிட்டு, கூப்பிடும்வரை வண்டியிலேயே இருங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு கட்டும் ஹார்னஸ் போட்டால் தொண்டை அழுந்தாது. நமக்கான இருமல் சிரப்போ, பாராசிட்டமாலோ தரவேண்டாம். சாப்பிட மறுப்பது, காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் கெட்டியான சளி, மூச்சிரைப்பு இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்; டிஸ்டெம்பரும் இப்படித்தான் தொடங்கும்.

தடுப்பு மருந்து போட்ட நாய்க்கும் இருமல் வரலாம், ஏனென்றால் இதற்குக் காரணமான எல்லாக் கிருமிகளும் அந்தக் குப்பிக்குள் இல்லை. வந்தாலும் பெரும்பாலும் லேசாகப் போய்விடும். மருந்து போட்ட அன்றே குப்பியின் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டச் சொல்லி, பக்கத்தில் 'மூக்கு வழி' அல்லது 'ஊசி' என்றும், அடுத்த வருடத் தேதியையும் எழுதி வாங்குங்கள். போர்டிங்கில் கேட்பது இந்தப் பக்கத்தைத்தான். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை அட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை.