சந்திரகிரிக்கு ஒரு மிதிவண்டிப் பயணம்

நுழையும்முன்

விடுமுறை நாளில் எங்கேனும் சென்று வந்தபின் அதைப் பற்றி வகுப்பில் பேசச் சொன்னால், நம்மில் பலர் "சென்றோம், கண்டோம், மகிழ்ந்தோம்" என்று மூன்றே சொற்களில் முடித்துவிடுகிறோம். கேட்பவருக்கு அதில் கிடைப்பது ஒன்றுமில்லை. எங்கே நின்றோம், ஏன் நின்றோம், யாருடன் பேசினோம் என்பவற்றைச் சொன்னால்தான் பயணம் கேட்பவரின் கண்முன் விரியும். திருப்பதியில் வாழும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தான் சென்று வந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத் தன் வகுப்பினருடன் பகிர்ந்துகொள்கிறாள். படித்துப் பாருங்கள்.

பாடம்

எங்கள் சொந்த ஊர் புதுக்கோட்டைக்கு அருகில் உள்ளது. அப்பாவின் பணி காரணமாக நாங்கள் திருப்பதிக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நாளும் என் மிதிவண்டி வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் மிதிவண்டியோ மாடிப்படியின் கீழே தூசி படிந்து நின்றது.

இந்திய அரசு 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஞாயிறுதோறும் மிதிவண்டி ஓட்டும் பழக்கத்தை வளர்க்க ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அதைப் பற்றி எங்கள் உடற்கல்வி ஆசிரியர் கூறியதை வீட்டில் சொன்னேன். யுகாதிக்கு முந்தைய ஞாயிறன்று நானும் என் தோழியும் சந்திரகிரி வரை செல்லலாமா என்று கேட்டேன். "பதினைந்து கிலோமீட்டரா? தனியாகவா?" என்றார் அப்பா. அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு துணியை எடுத்துச் சென்று அப்பாவின் வண்டியைத் துடைக்கத் தொடங்கினார்.

அம்மாவுக்கு மிதிவண்டி ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவு தரும் அந்த இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் காலத்தில் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் கற்றார்கள். அவர்களுள் என் அம்மாச்சியும் ஒருவர். பெண்களுக்கான வண்டிகள் எளிதில் கிடைக்காததால் பலரும் ஆண்களின் வண்டியையே ஓட்டினார்கள். அதனால் ஒரு நன்மையும் இருந்தது: முன்னால் உள்ள குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். "அந்தக் கம்பியில் உட்கார்ந்துதான் நான் முதன்முதலில் பக்கத்து ஊரைப் பார்த்தேன்" என்றார் அம்மா.

ஞாயிறன்று பொழுது புலரும் முன்பே மூவரும் புறப்பட்டோம். அலிபிரியிலிருந்து மேற்கே திரும்பும் சாலை திருமலையின் அடிவாரத்தை ஒட்டியே செல்கிறது. கதிரவன் எங்கள் முதுகுப்புறம் எழுந்தான். வலப்பக்கம் நின்ற மலையின் பாறை முகம் முதலில் சாம்பல் நிறமாகவும், பின்னர் செம்மையாகவும், இறுதியில் வெளிர் மஞ்சளாகவும் மாறியது. காரில் இவ்வழியே பலமுறை சென்றிருக்கிறேன். ஒருமுறைகூட இதைக் கண்டதில்லை.

தமிழ்க் கணக்கில் இளவேனில் சித்திரையில்தான் தொடங்கும். மரங்கள் அதுவரை காத்திருப்பதில்லை போலும். பங்குனியிலேயே புங்கமரங்கள் பளபளக்கும் புதுத்தளிர் விட்டிருந்தன. வேப்பம்பூவின் மணம் சாலை முழுதும் வீசியது. தோழி வண்டியை நிறுத்தி உதிர்ந்த பூக்களைக் கைக்குட்டையில் பொறுக்கினாள். யுகாதிப் பச்சடிக்கு வேண்டுமாம். அவர்கள் வீட்டில் வெல்லம், புளி, மாங்காய் ஆகியவற்றோடு வேப்பம்பூவும் சேரும். எங்கள் வீட்டிலும் சித்திரை முதல்நாள் மாங்காய்ப் பச்சடியில் அம்மா வேப்பம்பூ இடுவார். அவள் மொழியில் அது "வேப புவ்வு". சற்றுத் தொலைவில் ஒரு மாந்தோப்பைக் கண்டதும் "மாமிடி!" என்று கூவினாள். நான் "மா" என்றேன். அவளுடைய தாத்தாவின் ஊர் சித்தூருக்கு அருகே இருக்கிறது. அங்கே கிளிமூக்கு மாம்பழம் மிகுதியாக விளைகிறது. அவற்றில் பெரும்பகுதி கூழாக்கும் ஆலைகளுக்குச் சென்றுவிடும் என்றாள்.

சீனிவாச மங்காபுரத்தை நெருங்கும்போது என் பின்சக்கரம் தளர்ந்தது. கருவேல முள் ஒன்று ஏறியிருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே சென்று, மரத்தடியில் இருந்த பஞ்சர் கடையை அடைந்தோம். கடைக்காரர் முதியவர். டியூபை வெளியே உருவி, காற்றடித்து, ஒரு நீர்த்தொட்டியில் சிறிது சிறிதாக அமிழ்த்தினார். ஓரிடத்தில் குமிழிகள் எழுந்தன. அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பசை தடவினார். பசை உலரும்வரை காத்திருந்தபோது நானும் அம்மாவும் பேசிக்கொண்டதைக் கேட்டு, அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஊரும்மா உங்களுக்கு?"

"புதுக்கோட்டைங்க தாத்தா. நீங்களும் தமிழா?" என்றேன்.

"வீட்டுல தமிழு, கடையில தெலுங்கு. எங்கப்பா திருத்தணி. அவரு பொறந்தப்ப திருத்தணியும் சித்தூர் ஜில்லாதான்."

"அப்படின்னா உங்க சொந்த ஊரு திருத்தணியா?"

"இல்லம்மா. அது எங்கப்பா ஊரு. எனக்கு இதுதான் ஊரு" என்று சொல்லி, ஒட்டுத்துண்டை வைத்து அழுத்தினார்.

அவர் கூறியதை மறுநாள் எங்கள் சமூக அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் உருவானது. 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் அமைந்தபோது அம்மாவட்டம் அதனுடன் இணைந்தது. திருத்தணி 1960ஆம் ஆண்டு தமிழகத்துக்கு வந்தது. திருப்பதி சித்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2022ஆம் ஆண்டில்தான். இத்தனை முறை எல்லைக்கோடுகள் இடம்மாறியும், கோட்டின் இருபுறமும் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கின்றன. "உங்கள் சொந்த ஊர் எது?" என்று என்னிடம் யாரேனும் கேட்டால், நான் இதுவரை ஒரு நொடியும் தயங்கியதில்லை. இப்போது சற்றுத் தயங்குகிறேன்.

சந்திரகிரிக் கோட்டையைப் பற்றி நூல்களிலேயே நிறையப் படிக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1565ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போரில் தோற்ற விசயநகர அரசர்கள் முதலில் பெனுகொண்டாவிலும், பின்பு இங்கும் தலைநகரை அமைத்தார்கள். மூன்று அடுக்குகள் கொண்ட ராஜமகாலை மரமே பயன்படுத்தாமல் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றாலேயே எழுப்பியுள்ளார்கள். எனக்கு வியப்பளித்தது வேறொன்று. 1639ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி, இந்த அரசர்களுக்கு உட்பட்ட நாயக்கர். சென்னை மாநகரின் கதை ஒரு வகையில் இந்த மலையடிவாரத்தையும் தொட்டுச் செல்கிறது.

திரும்புவதற்கு முன் சுவர்ணமுகி ஆற்றைப் பார்த்தோம். நீர் இல்லை, வெறும் மணல்தான். "இதற்குத் தமிழில் பொன்முகலி என்று பெயர். திருக்காளத்திக்குப் போகிற ஆறு இதுதான்" என்றார் அம்மா. தோழி அச்சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "ழ" இல்லாததால் அவளுக்கு எளிதாகவே வந்தது!

வெயில் ஏறிவிட்டதால் திரும்பும் வழி நீண்டதாகத் தோன்றியது. வீட்டிற்கு வந்ததும் அம்மா, அம்மாச்சியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"போக வர முப்பது கிலோமீட்டர்மா" என்றார்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு அம்மாச்சியின் குரல் கேட்டது: "கம்பி வச்ச வண்டிதானே ஓட்டுன?"

சொல்லும் பொருளும்

புலர்தல் – விடிதல்
அடிவாரம் – மலையின் கீழ்ப்பகுதி
தளிர் – இளம் இலை
அமிழ்த்துதல் – நீருக்குள் அழுத்துதல்
குமிழி – நீரில் எழும் காற்று மொக்கு

பயிற்சி

1. மாணவி காரில் சென்றபோது காணாத எவற்றை மிதிவண்டிப் பயணத்தில் கண்டாள்? அவற்றுள் உங்களுக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.

2. பஞ்சர் கடைக்காரரின் பேச்சை எழுத்து வழக்கில் மாற்றி எழுதுக.
(எ-டு) வீட்டுல தமிழு – வீட்டில் தமிழ்

3. "இப்போது சற்றுத் தயங்குகிறேன்" என்று மாணவி ஏன் கூறுகிறாள்? நீங்களாக இருந்தால் என்ன விடை சொல்வீர்கள்? வகுப்பில் கலந்துரையாடுக.

4. நீங்கள் வாழும் ஊரில் உள்ள மரம், பூ, ஆறு ஆகியவற்றுக்கு அவ்வூர் மொழியிலும் தமிழிலும் வழங்கும் பெயர்களை உங்கள் தோழர்களிடமும் வீட்டுப் பெரியோரிடமும் கேட்டு எழுதுக.

5. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தோ மிதிவண்டியிலோ சென்று வருக. வழியில் நீங்கள் நின்ற மூன்று இடங்களைப் பற்றி மட்டும் வகுப்பில் பேசுக.