எல்லை தாண்டும் நவராத்திரி

ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடக்கும் அக்டோபர் பீர் திருவிழாவைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "நம்மிடம் இப்படி உண்டா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அங்கே ஆண்கள் தோல் கால்சட்டையும், பெண்கள் ஏப்ரன் கட்டிய கவுனும் அணிந்து ஊர்வலம் போகிறார்கள். 1810இல் ஓர் இளவரசரின் திருமணத்தையொட்டித் தொடங்கிய விழா அது.

பீரை விட்டுவிடுவோம். உடை, ஊர்வலம், அரச மரபு மூன்றும் கூடும் விழா நம்மிடமும் உண்டு. ஒவ்வொரு நவராத்திரிக்கும் அது பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத்தான் போகிறது.

திருவிதாங்கூரின் தலைநகரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. தெய்வங்கள் பழைய இடத்திலேயே இருந்துவிட்டன. எனவே விழாவுக்கு மட்டும் அவர்களை அழைத்துச் செல்லும் வழக்கம் வந்தது. பத்மநாபபுரம் சரஸ்வதி (கம்பர் வழிபட்ட சிலை என்பது ஐதீகம்) யானை மீதும், வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் வருகிறார்கள். முன்னால் மன்னரின் உடைவாள். முதல் இரவு குழித்துறை, மறு இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில், மூன்றாம் நாள் திருவனந்தபுரம்.

1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்றுமுதல் இந்த ஊர்வலம் மாநில எல்லையைத் தாண்டுகிறது. களியக்காவிளையில் கேரள அரசு வரவேற்பு அளிக்கிறது, போலீஸ் அணிவகுப்பு மரியாதையோடு! இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து செய்யும் வேலை என்றால் கோப்பு எத்தனை ஆண்டு நகரும் என்பது அரசுப் பணியில் இருந்தவர்களுக்குத் தெரியும். இது மட்டும் வருடந்தவறாமல் நடக்கிறது.

இனி உடை. கேரளத்தின் அடையாளமாக நாம் நினைக்கும் கசவு முண்டும் நேரியதும் எங்கே நெய்யப்படுகின்றன? நெய்யாற்றின்கரை தாலுகாவிலுள்ள பாலராமபுரத்தில். ஊர்வலம் அந்த ஊரையும் கடந்தே செல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் பாலராமவர்மா காலத்தில், திவான் உம்மிணித் தம்பி தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்துவந்து குடியேற்றினார். குழித்தறியில் கையால் நாடாவை எறிந்து நெய்வது அவர்கள் முறை. துணியின் இருபுறமும் ஒரேபோல் தெரியும். பக்கத்து வீட்டு மலையாளி அம்மா ஓணத்துக்கு உடுத்தும் துணியில் நம் ஆட்களின் கைவேலை இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலையும் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளே பாடப்படும். ஆண்கள் வேட்டி மட்டும், சட்டை கூடாது. இந்த உடை விதியில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் பெண்கள் அங்கே பாடக்கூடாது என்றும் ஒரு வழக்கம் இருந்தது. சரஸ்வதியின் சந்நிதியில் பெண் பாடக்கூடாதாம்! இதை மரபு என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழாது.

2006இல் அந்த வழக்கத்தை மாற்றியவர் இதே எல்லைக் கிராமத்துக்காரர்: தமிழ்க் குடும்பத்தில் 1924இல் பிறந்த பாறசாலை பொன்னம்மாள். மண்டபத்தில் அமர்ந்து பாடியபோது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. 2017இல் பத்மஸ்ரீ பெற்றார், 2021இல் மறைந்தார். அவருக்குப் பின் வேறு பெண்களும் அங்கே பாடியிருக்கிறார்கள்.

விஜயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் பூஜப்புரை போய்வருவார். ஒரு நாள் ஓய்வு. பிறகு மூவரும் அதே சாலையில் பாறசாலை வழியாக ஊர் திரும்புகிறார்கள்.