காலி இடமும் ஒருவரின் ஹக்குதான்



பெருநாளுக்குத் துணி எடுக்கப் போன, சக்கர நாற்காலியில் செல்லும் சகோதரர் ஒருவர் வெறுங்கையுடன் திரும்பினார். கடை வாசலில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடத்தில் வேறொருவரின் கார் நின்றதுதான் காரணம். "அஞ்சு நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவரும் நம் மஹல்லாக்காரரே என்றறிந்து வருந்தினோம்.

அந்த இடம் ஏன் அத்தனை அகலம்? குறைந்தது 3.6 மீட்டர் அகலம், வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் என்பது நம் நாட்டின் கட்டட விதி. கார்க் கதவை முழுதாகத் திறந்து, பக்கத்தில் நாற்காலியை விரித்து, அதில் மாறி உட்கார அவ்வளவும் தேவை. ஓரத்தில் ஒரு பைக் நின்றாலும் அவரால் இறங்க முடியாது.

பாதையில் அமர்வோர் பாதையின் ஹக்கைக் கொடுக்க வேண்டும், பிறருக்கு நோவினை தராதிருப்பது அதில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். வண்டி நிறுத்தும் நமக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று. அங்கே இறங்குபவர் நடந்து போகிறாரே என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம். செயற்கைக் கால் உடைக்குள் மறைந்திருக்கும். தசைச்சிதைவு நோய் முகத்தில் தெரியாது. வீண் சந்தேகத்தைக் குர்ஆன் (49:12) தடுக்கிறது. ஐயமிருந்தால் கடைக் காவலாளியிடம் சொன்னால் போதும். அதேபோல், தந்தைக்காக வண்டியில் ஒட்டிய அடையாளத்தைக் காட்டி, அவர் வராத நாளில் மகன் அங்கே நிறுத்துவதும் முறையல்ல.

யாரும் வராவிட்டாலும் அந்த இடம் காலியாகவே கிடக்கட்டும். வரப்போகிறவரின் அமானிதம் அது. அதைப் பேண அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.