திராட்டில் சென்ஸார் பழுதைச் சோதித்தறியும் முறை

மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிக் குடியானவர்களில் பலர் பருத்தி, மிளகாய் வற்றல் முதலிய விளைபொருள்களைப் பெட்ரோல் வண்டிகளில் சந்தைக்குக் கொண்டுசெல்லுகின்றனர். விருதுநகருக்குப் புறப்பட்ட வண்டி நடுவழியில் நின்றால் அன்றைய விலையும் கூலியும் நஷ்டமாகும். பழுது இன்னதென்று அறியாமல் உறுப்புகளை மாற்றுவதோ அதனினும் பெரிய நஷ்டம்.

உறுப்பின் வேலை: எஞ்சினுக்குள் செல்லும் காற்றைத் திராட்டில் என்னும் வட்டத் தகடு கட்டுப்படுத்துகிறது. அது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சென்ஸார் மின்னழுத்தத்தின் மூலம் கணினிக்குத் தெரிவிக்கிறது. கண்மாய் மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் காவலாள் தவறாகச் சொன்னால் பாய்ச்சல் கெடுவதுபோல, இச்செய்தி தவறினால் பெட்ரோல் அளவும் தவறும்.

அடையாளங்கள்: நிற்கும்போது எஞ்சின் வேகம் ஏறி இறங்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி தயங்கிக் குலுங்கும், எச்சரிக்கை விளக்கு எரியும். ஆயினும் காற்று வடிகட்டியில் கரிசல் தூசி அடைத்தாலும், திராட்டிலில் கரி படிந்தாலும் இக்குறிகளிற் சில தோன்றுமாதலால், இவற்றை முதலில் பார்த்தல் வேண்டும்.

சோதனை: குறிகாட்டும் கருவியில் பி 0122 என்பது அழுத்தக் குறைவையும், பி 0123 என்பது மிகுதியையும் குறிக்கும். இவ்வெண்கள் மின்சுற்றில் குறை உண்டென்று காட்டுமேயன்றிச் சென்ஸாரே கெட்டதென்று தீர்ப்புச் சொல்லா. ஆகவே எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். மூன்று கம்பியுள்ள சாதாரணச் சென்ஸாரில்,

1. ஒரு கம்பியில் ஏறக்குறைய 5 வோல்ட் வர வேண்டும்.

2. தரைக் கம்பிக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளவு பூஜ்யத்தை ஒட்டியிருக்க வேண்டும்.

3. செய்திக் கம்பியில், தகடு மூடியிருக்கையில் சுமார் அரை முதல் 1 வோல்ட் வரையும், முழுதும் திறக்கையில் 4 வோல்ட்டுக்கு மேலும் காணும். மெல்லத் திறக்கும்போது அளவு சீராக ஏற வேண்டும்.

முதல் இரண்டும் சரியாயிருந்து, மூன்றாவது இடையில் திடீரென விழுந்தாலும் அசையாமல் நின்றாலும் சென்ஸார் கெட்டதாகும். 5 வோல்ட்டோ தரை இணைப்போ இல்லையெனில் புதிய சென்ஸாரால் பயனில்லை. எலி கடித்த கம்பி, களிம்பேறிய இணைப்பு ஆகியவற்றைத் தேட வேண்டும்.

எச்சரிக்கை: மின்மோட்டாரால் இயங்கும் புதுமாதிரித் திராட்டிலில் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று ஏறுகையில் மற்றொன்று இறங்குவதும் சில வண்டிகளில் இயல்பே. அந்த வண்டியின் கைப்புத்தகமே பிரமாணம். சாவி திருப்பியிருக்கையில் தகட்டினுள் விரல் விடலாகாது.

பல வண்டிகளில் சென்ஸார் தனியே கிடைப்பதில்லை. திராட்டில் முழுவதையும் வாங்க நேரிடும். ஆகையால் அளந்து காட்டும்படி மெக்கானிக்கைக் கேட்ட பிறகே மாற்றச் சம்மதிப்பது நலம்.